சாவி கழன்றால் எல்லோரும் மான்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது. பெயருக்குத்தான். காட்டை உண்மையில் ஆண்டு வந்தது ஒரு சர்வர் கணினி.

மழை பொய்த்து, ஓடைகளெல்லாம் வற்றி, காட்டுக்கே ஒரே ஓர் ஏரிதான் மிச்சம் என்று ஆனபோது அந்த சர்வர் வந்தது. தண்ணீர் குடிக்க வருகிற இடத்தில் என்ன நடக்குமோ என்று எல்லோருக்கும் பயம். தின்னப்படுகிறவர்களுக்கு உயிர்ப் பயம். தின்கிறவர்களுக்கு, இருக்கிற எல்லோரையும் இன்றைக்கே தின்று தீர்த்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வது என்ற பயம். கூடிப் பேசி, பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு சர்வரை வரவழைத்து, ஏரிக்கரைக் குகையில் குளுமையான இடமாகப் பார்த்து வைத்தார்கள். வெளியே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு மின்பலகை. வாசலில் ஒரு கேமரா. கேமரா ஒரு மிருகத்தைப் பார்த்ததும் பலகையில் அதன் பெயரும் இனமும் வரும். புல் தின்கிறவர்களுக்குக் கிழக்குக் கரைக் கதவு திறக்கும், கறி தின்கிறவர்களுக்கு மேற்குக் கரைக் கதவு.

சட்டமும் சுருக்கமாகவே போட்டார்கள். பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் அவரவர் இனம். ஏரி எல்லைக்குள் யாரும் தன் இனத்தைத் தின்னக்கூடாது. அவ்வளவுதான்.

இந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தது ஏகாம்பரம் என்ற உடும்பு. நடு வயது. அதிகம் பேசாது. ஒரு வேலையைப் பிடித்தால் விடாது, அது அதன் சுபாவம் மட்டுமல்ல, உடம்புவாகும் அப்படித்தான். ஆனால் ஏகாம்பரத்துக்கு ஒரு குறை இருந்தது. சர்வரை அனுப்பிய காட்டில் உடும்பே கிடையாது. அதனால் அந்த மென்பொருளுக்கு உடும்பு என்றால் என்னவென்று தெரியாது. ஏகாம்பரமும் அதன் மனைவி மரகதமும் வாசலில் போய் நின்றால் பலகையில் இப்படி வரும்: "ஏகாம்பரம் - பிற. மரகதம் - பிற." பிறவுக்கு எந்தக் கதவும் திறக்காது. அவர்களுக்கான நேரம் பின்னர் அறிவிக்கப்படும் என்று பலகையின் அடியில் சின்ன எழுத்தில் ஓடும். ஓணானுக்கும் பச்சோந்திக்கும் இதே கதிதான். காலையில் இலைகளில் இருக்கும் பனியை நக்கிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பழுது வந்தது.

சர்வரின் முதுகில் விரல் நீளத்தில் ஒரு யுஎஸ்பி சாவி செருகியிருக்கும். மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியதற்கு அதுதான் அத்தாட்சி. சாவி கண்ணுக்குத் தெரிகிறவரை சர்வர் ஒழுங்காக வேலை செய்யும். சாவி தெரியவில்லை என்றால், யாரோ திருட்டுத்தனமாக ஓட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இலவசப் பதிப்புக்கு இறங்கிவிடும். இலவசப் பதிப்புக்குத் தெரிந்தது ஒரே ஒரு மிருகம். மான்.

ஒரு மத்தியானம், ஏரியே சோம்பிக் கிடந்த நேரத்தில், ஒலிபெருக்கியில் "டொங்" என்று ஒரு சத்தம் கேட்டது. பலகையில் இருந்த அத்தனை பேருக்கும் எதிரில் மான் என்று வந்தது. யானை மான். நரி மான். மகாராஜா மான். அதைப் பார்த்தவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மேற்குக் கதவு மூடிக்கொண்டது, கிழக்குக் கதவு அகலத் திறந்தது.

சோமசுந்தரம் என்ற புலி தண்ணீர் குடிக்க அப்போதுதான் வந்தது. பலகையை ஏறிட்டுப் பார்த்தது. "சோமசுந்தரம் - மான்." சட்டத்தை மதிக்கிற புலி அது. கிழக்குக் கரைக்குப் போய், பூங்காவனம் என்ற புள்ளிமானுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. பூங்காவனம் திரும்பிப் பார்த்து நடுங்கிப்போனாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"நீங்களும் மானா?" என்றாள்.

"அப்படித்தான் போட்டிருக்கு," என்றது சோமசுந்தரம்.

சற்று நேரம் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது "டிங்" என்றது ஒலிபெருக்கி. சாவி திரும்பக் கிடைத்துவிட்டது. "சோமசுந்தரம் - புலி." அது கண்ணில் பட்டதும் சோமசுந்தரம் பூங்காவனத்தின் பின்னங்காலை வாயில் கவ்வியது. கடிக்கப்போகிற நேரத்தில் மறுபடியும் "டொங்". சோமசுந்தரம் காலை வாயிலிருந்து பக்குவமாக எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு, "மன்னிக்கணும்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றது.

பூங்காவனம் நொண்டிக்கொண்டே நேராகக் கரடி நாகலிங்கத்திடம் போனாள். நாகலிங்கம் ஏரி நிர்வாகத்துக்கு மேலாளர். அது ஏகாம்பரத்தைக் கூப்பிட்டனுப்பியது.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றது கரடி.

"இன்னும் என்ன பிரச்சினைன்னே எனக்குச் சொல்லலீங்க ஐயா."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல ரீஸ்டார்ட் பண்ணுங்க."

ஏகாம்பரம் ரீஸ்டார்ட் செய்தது. சரியாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் மறுபடி "டொங்".

ஏகாம்பரத்துக்கு வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றும். ஒரேயடியாக நாலையும் மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்று சொல்லும். பழுது பார்க்க ராஜாவின் உத்தரவை வாங்கிக்கொண்டு, முதலில் சாவியைப் பிடுங்கித் துடைத்துச் செருகியது. ஒரு நாள் தாங்கியது. பிறகு வேறு போர்ட்டில், அதாவது பக்கத்துத் துளையில், செருகியது. அதுவும் ஒரு நாள். சாவியையே சந்தேகப்பட்டு வேறொரு கணினியில் போட்டுப் பார்த்தது, அங்கே அடம்பிடிக்காமல் இருந்தது. யானை நடக்கிற அதிர்வில் ஆடுகிறதோ என்று யானையைச் சுற்றுப்பாதையில் போகச் சொன்னது. யானை வருத்தப்பட்டதுதான் மிச்சம். ஒரு துளையைப் பல துளைகளாக்கும், தனி மின்சாரத்தில் ஓடுகிற ஒரு ஹப்பை வரவழைத்து, சாவியை அதில் செருகி, ஹப்பை சர்வரில் செருகியது. இப்போது ஹப்பும் சேர்ந்து காணாமல் போனது.

ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மயில் குகை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டுப் போனது. நரி, இது முழுக்கப் பக்கத்துக் காட்டின் சதி என்றது.

ஏகாம்பரத்தை வாட்டியது வேறொரு விஷயம். அது குகைக்குள் உட்கார்ந்து, சாவி இருக்கிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும்வரை பழுது வருவதே இல்லை. காலை நீட்டலாம் என்று எழுந்து வாசலுக்கு வந்தால் "டொங்". ஓடிப்போய்த் திரையைத் தொட்டால் "டிங்". நல்ல பிள்ளை மாதிரி சாவியில் பச்சை விளக்கு எரியும்.

"நான் பார்த்தா நடிக்குது," என்று மரகதத்திடம் சொன்னது.

"நடிக்கட்டுமே," என்றாள் மரகதம். "நீங்க எதுக்கு அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. டொங்குனு கேட்டா நானும் போய் ரெண்டு வாய் குடிச்சிட்டு வர்றேன். பலகையில மரகதம்னு போட்டு பக்கத்துல மான்னு வருது. என்னிக்காவது நம்ம பேருக்கு எதிர்ல ஒரு மிருகத்தோட பேரு வந்திருக்கா?"

ஏகாம்பரமும் குடித்திருந்தது. சரிபார்க்கப் போகிற சாக்கில் ஏரிப் பக்கமாகப் போய், பலகையில் மான் என்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று வயிறு முட்டக் குடித்திருந்தது. குடிக்கும்போது சந்தோஷமாகவும், கரையேறிய பிறகு வெட்கமாகவும் இருந்தது.

ஒரு நாள் சோமசுந்தரம் குகைக்கு வந்தது. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது.

"ஏகாம்பரம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. இதைச் சரிபண்ணாம விட முடியாதா?"

"ஏங்க?"

"மேற்குக் கரையில யாரும் யாரோடும் பேச மாட்டாங்க. ஆளாளுக்கு அடுத்தவன் கழுத்தைப் பாத்துக்கிட்டு நிப்பான். இங்க மானா நிக்கும்போது, முந்தாநாள் ஒரு முயல் என் முட்டிவலியை விசாரிச்சுது. நானும் இத்தனை வருஷமா புலியா இருக்கேன், யாராவது என் முட்டியைப் பத்திக் கேட்டிருக்காங்களா?"

புலி போன கொஞ்ச நேரத்தில் பூங்காவனம் நொண்டிக்கொண்டு வந்தாள். அவள் எதிர்மாறாகப் பேசினாள்.

"அண்ணே, சீக்கிரம் சரிபண்ணிக் குடுங்க. காட்டுல இருக்குற மொத்த ஜனமும் எங்க வரிசையில வந்து நிக்குது. சிங்கம், புலி, நரின்னு ஒவ்வொருத்தரா குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுது. புலி புலியாவே இருந்தா எங்கள்ல யாரோ ஒருத்தி போவா. இப்படியே இருந்தா எல்லாரும் தாகத்துல காயணும். கணக்குப் போட்டா புலியே தேவலை."

"உங்க காலைத்தானே அது கவ்வுச்சு?"

"அதனாலதான் சொல்றேன். மானா புலியான்னு தெரியாம பயப்படுறது இருக்கே, அதுதான் கொடுமை. புலின்னு தெரிஞ்சுட்டா நிம்மதியா பயப்படலாம்."

ஏகாம்பரம் இருவருக்கும் பார்க்கிறேன் என்றே சொல்லி அனுப்பியது.

அன்று மத்தியானம் நிலவரத்தைச் சொல்லக் கரடியிடம் போனது. நாகலிங்கம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தது. ஏகாம்பரம் பேசப் பேசக் கரடியின் தலை மெல்லத் தொங்கியது.

"ஐயா," என்றது ஏகாம்பரம்.

கரடி சட்டென்று நிமிர்ந்தது. "முழிச்சிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க."

ஏகாம்பரம் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தது. கரடி தூங்கிவிட்டது. மறுபடி "ஐயா" என்றது. கரடி விழித்துக்கொண்டது. ஏகாம்பரம் அப்படியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் விழிக்கிறது. யாரும் கூப்பிடாவிட்டால் தூங்குகிறது. கூப்பிட்டுப் பார்க்கிற ஆளுக்கு மட்டும், எப்போதும் விழித்திருப்பதாகவே தோன்றும்.

மேலாளரிடம் விடைகூடப் பெறாமல் குகைக்கு ஓடியது. அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தேடியது. இருந்தது. மின்சேமிப்பு. பயன்பாட்டில் இல்லாத யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கவும் என்று ஒரு வரி, அதற்கு எதிரே ஒரு டிக். மத்தியானத்தில் வாசலுக்கு யாரும் வருவதில்லை. யாரும் வராவிட்டால் சர்வர் சாவியைக் கேட்பதில்லை. கேட்காததால் போர்ட்டைத் தூங்கவைத்துவிடுகிறது. பிறகு தேவைப்படும்போது எழுப்பினால் சாவி தடுமாறித் தடுமாறி எழுகிறது. ஏகாம்பரம் திரையில் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அதுவே சாவியைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

கரடி மூச்சிரைக்க வந்து பின்னால் நின்றது. டிக்கைப் பார்த்ததும் அதன் முகம் மாறியது.

"அது நான் போட்டதுதான்," என்றது தாழ்ந்த குரலில். "மின்சாரத்தை மிச்சப்படுத்தணும்னு மகாராஜா சொன்னாரு. இதைச் செஞ்சதுக்கு எனக்கு மாலையெல்லாம் போட்டாரு. வெளிய சொல்லிடாதீங்க ஏகாம்பரம். சனிப்பெயர்ச்சின்னு சொல்லிடலாம்."

ஏகாம்பரத்தின் விரல் அந்த டிக்கின் மேல் நின்றது. இதை எடுத்தால் சாவி தூங்காது. சாவி தூங்காவிட்டால் மரகதம் மறுபடி பிற. மரகதம் தண்ணீரில் நின்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தது நினைவுக்கு வந்தது. எடுக்காமல் போய்விடலாம், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எங்கே பழுது என்று தெரிந்த பிறகு அதை விட்டுவைப்பது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. ஏகாம்பரத்தால் முடியவில்லை. டிக்கை எடுத்துவிட்டது.

அதன் பிறகு "டொங்" கேட்கவே இல்லை. புலிகள் மேற்கே, மான்கள் கிழக்கே. வரிசை சுருங்கியது. ஏகாம்பரம் காலையில் இலை இலையாக ஏறி நக்கியது. வெயில் ஏற ஏறப் பனியும் குறைந்துகொண்டே வந்தது. மரகதம் திட்டவில்லை. திட்டுவதற்கு நாக்கு ஈரமாக இருக்க வேண்டும்.

ஏகாம்பரம் கரடியிடம் போய்க் கேட்டது. "பட்டியல்ல உடும்புன்னு ஒண்ணு சேர்க்க முடியாதுங்களா?"

"அடுத்த பதிப்புல வருதாம்," என்றது கரடி. "அதுவரைக்கும் பொறுத்துக்குங்க. உங்களுக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

விழா கிழக்குக் கரையில் நடந்தது. எல்லா மிருகங்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தன. அதில் என்ன கோளாறு என்று கரடிக்குத் தோன்றவில்லை. மேடையில் மகாராஜா பேசியது. கரடி பேசியது, சனிப்பெயர்ச்சியைப் பற்றி விளக்கமாக. பிறகு பயனாளிகள் சார்பில் பூங்காவனம் பேச வந்தாள். புலிக்கும் மானுக்கும் உள்ள வேறுபாட்டை மீட்டுக் கொடுத்த ஏகாம்பரம் அண்ணனுக்கு நன்றி என்றாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சோமசுந்தரம் கைதட்டிக்கொண்டே பலகையை நிமிர்ந்து பார்த்தது. "சோமசுந்தரம் - புலி." அதன் கண் கலங்கியது.

"எனக்கு இஷ்டமே இல்லம்மா," என்று சொல்லிக்கொண்டே மேடையில் ஏறி, பூங்காவனத்தின் கழுத்தைக் கவ்வியது.

கூட்டம் எழுந்து நின்றது. யாரும் தடுக்கவில்லை. பலகையில் புலி என்றுதான் இருந்தது, சட்டப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை. பூங்காவனம் கால்களை உதைத்துக்கொண்டு, "நன்றியுரை இன்னும் முடியல," என்றாள்.

ஏகாம்பரம் கழுத்தில் மாலையோடு குகைக்கு ஓடியது. டிக், போர்ட், ஹப் என்று எதையும் யோசிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்ற முறைப்படியே, சாவியை ஒரே பிடியாகப் பிடித்துப் பிடுங்கியது.

"டொங்."

சோமசுந்தரம் வாயைத் திறந்தது. பூங்காவனம் கீழே விழுந்து எழுந்தாள். கழுத்தில் பல் பட்ட தடம் இருந்தது, வேறொன்றும் இல்லை. சோமசுந்தரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதது.

மகாராஜா கோபமாகக் குகை வாசலுக்கு வந்தது. "சாவியைச் செருகு."

ஏகாம்பரத்தின் பிடி தளரவில்லை. "செருகிடலாங்க. சர்வர்ல கை வைக்கணும்னா ராஜாவோட உத்தரவு வேணும்."

"நான்தான் ராஜா. இப்ப உத்தரவு போடுறேன்."

ஏகாம்பரம் வெளியே பலகையைப் பார்த்தது. எல்லோரும் பார்த்தார்கள். "மகாராஜா - மான்."

கரடி மெல்ல முன்னால் வந்தது. "சிக்கல்தாங்க. சட்டப்படி சிங்கம்தான் ராஜா. சாவியைச் செருகினாத்தான் நீங்க சிங்கம். நீங்க சிங்கமா இருந்தாத்தான் சாவியைச் செருகச் சொல்ல முடியும்."

"அப்ப அதைப் பிடுங்க யாரு உத்தரவு போட்டா?"

"யாரும் போடலீங்க. அது தப்புத்தான். தண்டிக்கலாம். ஆனா தண்டிக்கிறதுக்கும் ராஜா வேணும்."

அப்போது முயல் ஒன்று, வேண்டுமானால் மான்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்தல் வைத்து ராஜாவாக்கி, அவரை விட்டு உத்தரவு போடச் சொல்லலாமே என்றது. மகாராஜா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. நிஜமான மான்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அவசரம் ஒண்ணுமில்லை," என்றது. "இப்படியே கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அப்படியேதான் இருக்கிறது. சாவியை யாராவது கேட்டால் ஏகாம்பரம் கையை நீட்டும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். யானைகூட இழுத்துப் பார்த்துவிட்டது, வரவில்லை. இப்போது வரிசை ஏரியை ஒரு சுற்று சுற்றி வருகிறது. புலிகள் புல் தின்று வயிறு உப்பித் திரிகின்றன. பூங்காவனம் தினமும் வரிசையில் நின்று, இந்தக் கூட்டத்துக்கு அந்தக் கடியே தேவலை என்று முணுமுணுக்கிறாள். அவளுக்குப் பின்னால் நிற்கும் சோமசுந்தரம், தான் வேண்டுமானால் ஓர் இடம் விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறது. அதற்குப் பின்னால் மரகதமும் ஏகாம்பரமும். அவர்கள் முறை வர சாயங்காலம் ஆகிவிடும். பரவாயில்லை, முறை என்று ஒன்று வருகிறது.

நீதி: எந்தச் சாவியையும் முழுதாகச் செருகாதே. செருகினால் யார் புலி என்று தெரிந்துவிடும்.